ஏன் என்று கேட்டவர்கள்

1948 ஜூன் 26ஆம் தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் ஷர்லி ஜாக்சன் எழுதிய 'லாட்டரி' என்ற சிறுகதை வெளியாயிற்று. கதை நடக்கும் நாள் ஜூன் 27. இதழின் தேதியோடு அது பொருந்திவர வேண்டும் என்று பத்திரிகை விரும்பியது, ஜாக்சனும் சம்மதித்தார். அந்தக் காலத்தில் 'நியூயார்க்கர்' இது கதை, இது கட்டுரை என்று மேலே அச்சிட்டுப் பிரித்துக் காட்டுவதில்லை. சனிக்கிழமை இதழைக் கையிலெடுத்தவர், மறுநாள் காலை ஏதோ ஓர் ஊரில் நடக்கப்போவதைத்தான் படிக்கிறோமோ என்று நினைக்க இடமிருந்தது.

ஏறத்தாழ முந்நூறு பேர் வாழும் ஊர். நல்ல வெயில், பூத்துக்கிடக்கும் செடிகள், தழைத்த புல். தபால் நிலையத்துக்கும் வங்கிக்கும் நடுவிலுள்ள சதுக்கத்தில் ஜனங்கள் கூடுகிறார்கள். பையன்கள் முன்னதாகவே வந்து கல் பொறுக்கிக் குவித்திருக்கிறார்கள். ஆண்கள் விதைப்பு, மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நிலக்கரி வியாபாரி சம்மர்ஸ் ஒரு பழைய கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து முக்காலியின் மேல் வைக்கிறார். குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டு எடுக்கிறார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாளை மறந்துபோய்க் கடைசியில் ஓடிவந்த டெஸ்ஸி ஹட்சின்சனின் குடும்பத்துக்குச் சீட்டு விழுகிறது. அடுத்த சுற்றில் கறுப்புப் புள்ளியிட்ட சீட்டு அவள் கையிலேயே வருகிறது. கொஞ்ச நேரம் முன்பு அவளோடு சிரித்துப் பேசிய திருமதி டெலக்ராய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள். டெஸ்ஸியின் சின்ன மகன் டேவிக்கும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். ஊர் அவள்மீது பாய்வதோடு கதை முடிகிறது. எழுபத்தேழாவது தடவையாக லாட்டரிக்கு வந்திருக்கும் கிழவர் வார்னர் சொல்லும் ஒரு பழமொழியில் விளைச்சல் பற்றிய மங்கிய ஞாபகம் ஒன்று இருக்கிறது. மற்றபடி இந்தச் சடங்கு எதற்கு, யார் தொடங்கியது என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

ஜாக்சன் அப்போது வெர்மான்ட் மாநிலத்தின் நார்த் பென்னிங்டனில் இருந்தார். கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் விமர்சகர், 'நியூயார்க்க'ரில் எழுதிவந்தவர். கதை வந்த பிறகு தபால் குவிய ஆரம்பித்தது. ஊர்த் தபால் நிலையத்தில் இருப்பதிலேயே பெரிய பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று என்று பிற்பாடு ஓர் உரையில் சொன்னார். 'ஒரு கதையின் வாழ்க்கை வரலாறு' என்பது அந்த உரையின் தலைப்பு. 1965இல் அவர் இறந்த பிறகு, 1968இல் நூலில் சேர்ந்தது. அந்தக் கோடையில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள். அவற்றில் பரிவாகப் பேசியவை பதின்மூன்று. அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை. பெற்ற தாயே கடிந்துகொண்டு எழுதினார். தனக்கும் அப்பாவுக்கும் கதை பிடிக்கவே இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இருண்ட விஷயமாகவே தோன்றுகிறது, மனிதர்களுக்கு உற்சாகம் தரும்படி எதையாவது எழுதினால் என்ன என்பது அவருடைய ஆதங்கம்.

கதை எழுதிய கதையைச் சொல்லும்போது ஜாக்சன் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்திருக்கிறார். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடைவீதியிலிருந்து மேடேறி வரும்போது தோன்றியது, வந்தவுடன் உட்கார்ந்து எழுதி முடித்தேன், அதிகம் திருத்தவில்லை என்ற அவருடைய விவரம் ஆவணங்களோடு முழுக்க ஒத்துப்போகவில்லை என்பதை ரூத் ஃபிராங்க்ளின் 2016இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் காட்டுகிறார். கடிதங்கள் அப்படியல்ல. ஜாக்சன் அவற்றைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார். இன்று அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அவருடைய ஆவணங்களோடு இருக்கின்றன. கதையிலிருக்கும் ஊரின் ஜனத்தொகையும் வந்த கடிதங்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்று. தற்செயல்தான், ஆனால் அதை ஒருதடவை கவனித்த பிறகு அந்தக் கடிதக் கட்டை ஒரு கூட்டமாகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடிதங்களை ஜாக்சன் மூன்று ரகமாகப் பிரித்தார்: திகைப்பு, ஊகம், வசை. இருண்ட கதைகளைப் பற்றி வாசகர்கள் எங்கே, எப்போது அபிப்பிராயம் சொன்னாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். மூன்றுக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: ஏன்?

ஊகித்தவர்களிடமிருந்து தொடங்கலாம். இந்த ஊர்க்காரர்கள் பழைய ஆங்கிலேயக் குடியேறிகளின் வம்சமா, விளைச்சலுக்காக ட்ரூயிட் என்ற பழங்காலப் பூசாரிகளின் சடங்கு எதையாவது தொடர்ந்து செய்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். எத்தனையோ விசித்திர மதக்குழுக்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், இது என்னைத் தொந்தரவு செய்கிறது என்று இன்னொருவர் எழுதினார். இவர்கள் முட்டாள்கள் அல்ல. கதை கொடுக்காத காரணத்தைத் தாங்களே தேடிக்கொண்டவர்கள். காரணம் கிடைத்துவிட்டால் அந்த ஊர் தூரப்போய்விடும். ட்ரூயிட் என்றால் அது அவர்கள் விவகாரம்; நம் தெருவில் அது நடக்காது. விளக்கம் கேட்பது அறிவின் பசியாகத் தோன்றுகிறது. இந்த இடத்தில் அது தற்காப்பாகவும் இருக்கிறது.

இதே கேள்வியைப் படிப்பாளியின் மொழியில் கேட்டவரும் உண்டு. மானுடவியலாளர் அல்ஃபிரெட் குரோபர் இந்தக் கதையைப் படித்துவிட்டுக் கோபப்பட்டதை அவருடைய மகள் உர்சுலா லெ குவின் நினைவுகூர்ந்திருக்கிறார். இப்படியொரு லாட்டரி சமூகம் ஒப்புக்கொண்ட நிறுவனமாக எப்படி ஆகியிருக்கும் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது என்பது குரோபரின் ஆட்சேபம். சமூக நிறுவனங்கள் எப்படி உருவாகின்றன என்பதை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவரின் நியாயமான ஆட்சேபம். அதே மகள் 1973இல் 'ஓமலாஸை விட்டுப் போகிறவர்கள்' என்ற கதையை எழுதினார். ஒரு நகரத்தின் மகிழ்ச்சி முழுதும் ஒரேயொரு குழந்தையின் துன்பத்தின்மேல் நிற்கும் கதை. அதிலும் அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்கு விளக்கமில்லை. தந்தையின் கேள்விக்கு மகள் இருபத்தைந்து வருஷம் கழித்துப் பதில் தந்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. இலக்கியத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலே தேவைப்படாமல் போகும் இடம் உண்டு என்பதற்கு மட்டும் அந்தக் கதை சாட்சி.

இன்னொரு வகைக் கடிதம் உண்டு. முதலில் எழுதியவர்களில் பலருக்குக் கதையின் பொருளைப் பற்றிக் கவலையில்லை என்கிறார் ஜாக்சன். இந்த லாட்டரிகள் எங்கே நடக்கின்றன, தாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்டது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் எந்த நாட்டில், எந்த வருஷம் கேட்ட கேள்வி இது? 1930 ஆகஸ்டில் இண்டியானா மாநிலத்தின் மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்துவந்து மரத்தில் தொங்கவிட்டார்கள். லாரன்ஸ் பைட்லர் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தில் தொங்கும் உடல்களுக்குக் கீழே ஆண்களும் பெண்களும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு. அந்தப் படம் ஆயிரக்கணக்கில் விற்றது. அதாவது, பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அதை விலைகொடுத்து வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 'லாட்டரி' வெளிவந்தபோது அந்தச் சம்பவத்துக்குப் பதினெட்டு வயது. எங்கே நடக்கிறது, வந்து பார்க்கலாமா என்று எழுதியவர்கள் கதையைத் தவறாகப் புரிந்துகொண்டதாக விமர்சகர்கள் சொல்வதுண்டு. கதையை நிஜமென்று எடுத்துக்கொண்டது தவறுதான். தங்கள் நாட்டில் இது நடக்கக்கூடியது என்று நம்பியதில் தவறில்லை.

மூன்றாவது ரகம், வசை. சந்தாவை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். ஆசிரியர் தன்னிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ஒருவர். ஜாக்சன் கனடாப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள் என்றார் இன்னொருவர். நாங்கள் ஓரளவு படித்தவர்கள், பண்பட்டவர்கள், எங்களுக்கு இலக்கியத்தின் மேலிருந்த நம்பிக்கையே போய்விட்டது என்றார் வேறொருவர். இவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்குவதுதான் இலக்கிய வட்டாரத்தின் வழக்கம். எனக்கு இவர்கள்மேல் மரியாதை உண்டு. கதை தன்னை அடித்தது என்பதை ஒளிக்காமல் சொன்னவர்கள் இவர்கள்தாம். ஊகித்தவர் அடியை வேறு யார் மேலோ திருப்பிவிட்டார். பார்க்க வரலாமா என்று கேட்டவர் அடிக்கிறவர்களின் பக்கம் போய் நின்றுகொண்டார். திட்டியவர் மட்டும் அடிபட்ட இடத்தைக் காட்டினார்.

ஜாக்சனும் அப்படித்தான் எண்ணினார் என்பதற்கு ஒரு தடயம் உண்டு. தென்னாப்பிரிக்க ஒன்றியம் 'லாட்டரி'யைத் தடை செய்தது. அதில் தன் மனைவிக்கு எப்போதும் பெருமைதான், அவர்களுக்காவது கதை புரிந்ததே என்று நினைத்தாள் என ஹைமன் 1966இல் எழுதினார். இனவொதுக்கலைக் கொள்கையாக அறிவித்த தேசியக் கட்சி அங்கே தேர்தலில் வென்றது 1948 மே 26இல். கதை வெளியான இதழின் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. தடை என்பதும் ஒரு வாசக அபிப்பிராயம்தான். இந்தக் கதை யாரைப் பற்றியது என்பதில் அந்த அரசுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

*

பத்திரிகையில் படித்தவர்களுக்குக் கிடைத்தது ஒற்றைக் கதை. ஒரு வருஷத்துக்குள், 1949 வசந்தத்தில், ஃபாரர் ஸ்ட்ராஸ் பதிப்பகம் ஜாக்சனின் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டது. 'லாட்டரி அல்லது ஜேம்ஸ் ஹாரிஸின் சாகசங்கள்' என்று பெயர். இருபத்தைந்து கதைகள். அவற்றில் கடைசிக் கதை 'லாட்டரி'. இந்த வரிசை முக்கியம். முந்நூறு பேர் எழுதிக் கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு முந்தைய இருபத்துநான்கு கதைகள் பதில் சொல்லிக்கொண்டே வருகின்றன என்று எனக்குப் படுகிறது. அதற்காகத்தான் ஜாக்சன் அப்படி அடுக்கினார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை 'லாட்டரி'க்கு முன்பே எழுதியவை. ஆனால் நூலை முதல் பக்கத்திலிருந்து படித்து வருகிறவரிடம் ஜூன் 27ஆம் தேதி அந்தச் சதுக்கத்துக்கு வந்து சேரும்போது கேட்பதற்குக் கேள்வி எதுவும் மிச்சமிருக்காது.

திகில் தொகுப்பு என்று நம்பி எடுக்கிறவர்கள் இன்று சொல்லும் குறை தெரிந்ததுதான்: பேய் இல்லை, ரத்தம் இல்லை, கதைகள் முடியும் முன்பே முடிந்துவிடுகின்றன. உண்மை. பேய்க்கான ஏற்பாடு மட்டும் நூலில் இருக்கிறது. சூனியம் உண்டு என்று வாதிட்ட 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார் ஜோசப் கிளான்வில்லின் நூலிலிருந்து பகுதிகளை எடுத்துக் கதைகளுக்கு இடையே வைத்திருக்கிறார். இறுதியில் ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற பழைய கதைப்பாடல் வருகிறது: இறந்துபோனதாக நினைத்த காதலன் திரும்பி வந்து, கணவனையும் குழந்தையையும் விட்டுவிட்டுத் தன்னோடு கப்பலேறும்படி ஒருத்தியை மயக்கி அழிக்கிறான். அந்த ஹாரிஸ் என்ற பெயர் தொகுப்பெங்கும் அலைகிறது. ஒரு கதையில் அவன் வராத மாப்பிள்ளை, ஒன்றில் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து இடம்பிடித்துக்கொள்ளும் விருந்தாளி, ஒன்றில் புத்தகக் கடைக்காரர், ஒன்றில் கோழியைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரர். எந்த இடத்திலும் அவனிடம் கொம்போ வாலோ கிடையாது. பல இடங்களில் அவன் எதுவுமே செய்வதில்லை. சுற்றியிருப்பவர்களே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள்.

'பிசாசுக் காதலன்' கதையில் முப்பத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தி கல்யாணத்தன்று காலையில் ஜேமி ஹாரிஸுக்காகக் காத்திருக்கிறாள். காபி குடிக்கிறாள், உடையை மாற்றுகிறாள், மறுபடி காபி குடிக்கிறாள். அவன் வரவில்லை. தெருவில் இறங்கி, நீல சூட் போட்ட உயரமான ஆள் இந்தப் பக்கம் போனானா என்று பத்திரிகை விற்பவரை, பூக்கடைக்காரரை, பூட்ஸ் துடைப்பவரை விசாரிக்கிறாள். ஒவ்வொருவரும் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு பதிலிலும் ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. கடைசியில் ஒரு கதவுக்குப் பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. தட்டினால் யாரும் திறப்பதில்லை. அவளை அழித்தது பிசாசா, தெருவின் சிரிப்பா? வழி கேட்ட பெண்ணைப் பார்த்து அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களுடைய கையில் கல் இல்லை.

'பூந்தோட்டம்' இன்னும் நெருக்கமானது. வெர்மான்ட் ஊரொன்றில் மக்லேன் என்ற விதவை சிறு பையனோடு குடியேறுகிறாள். பழைய குடும்பத்தின் மருமகளான திருமதி வின்னிங் அவளோடு ஆசையாகப் பழகுகிறாள். மக்லேன் தோட்ட வேலைக்கு ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். யாரும் சண்டை போடுவதில்லை, கத்துவதில்லை. கடையில் பேச்சுக் குறைகிறது. குழந்தையை ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிடாமல் விடுகிறார்கள். தமுக்கடித்து அறிவிக்காத ஊர்விலக்கம் என்று தமிழ் வாசகருக்குச் சட்டென்று விளங்கிவிடும். திருமதி வின்னிங்குக்கு எல்லாம் தெரிகிறது. இது சரியல்ல என்பதும் தெரிகிறது. இருந்தும் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறாள். 'லாட்டரி'யில் கனத்த கல்லாகத் தேடி எடுக்கும் டெலக்ராய் எங்கிருந்து வந்தாள் என்று கேட்பவர்களுக்கு வின்னிங்கைவிட நல்ல பதில் கிடையாது.

'துரோகி'யில் ஒரு நாய் கோழிகளைக் கொன்றுவிடுகிறது. நகரத்திலிருந்து வந்த வால்போல் குடும்பத்தின் நாய். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் அந்த அம்மாளுக்கு அன்பாக யோசனை சொல்கிறார்கள்: செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடு, முள்வைத்த கழுத்துப்பட்டை போட்டுக் கயிற்றை இழு. பள்ளிவிட்டு வந்த அவளுடைய பிள்ளைகள், அப்படி இழுத்தால் தலை எப்படித் துண்டாகும் என்பதை உற்சாகமாக விவரிக்கிறார்கள். அவர்கள் செல்லமாக வளர்த்த நாய். ஊரின் யோசனை ஒரே பகலில் குழந்தைகளின் விளையாட்டாகிவிட்டது. டேவி கையில் கூழாங்கல்லைக் கொடுத்தது யார் என்று அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

'சூனியக்காரி'யில் ரயிலில் போகும் நாலு வயதுப் பையனுக்கு ஒரு முதியவர் தன் தங்கையைப் பற்றிக் கதை சொல்கிறார்: பொம்மையும் மிட்டாயும் வாங்கிக் கொடுத்தேன், பிறகு கழுத்தை நெரித்தேன், தலையை வெட்டிக் கரடிக் கூண்டில் போட்டேன். தாய் பதறிப்போய் அவரை விரட்டுகிறாள். பையனுக்கோ ஒரே குதூகலம். இருண்ட கதைகளைப் பற்றிய நமது வாதங்கள் எல்லாம் அந்த ரயில் பெட்டிக்குள் நடந்துவிடுகின்றன. விரட்டும் தாயும் வாசகர்தான். குதூகலிக்கும் பையனும் வாசகர்தான். இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் உட்கார்ந்து படிப்பதால்தான் இந்த வகை எழுத்து நிலைத்திருக்கிறது.

இலக்கியவாதிகளையும் ஜாக்சன் விட்டுவைக்கவில்லை. 'ஏழு வகை இருண்மைகள்' என்ற கதையில் ஓர் இளைஞன் எம்ப்சன் என்ற விமர்சகரின் அதே பெயர் கொண்ட நூலைப் பார்ப்பதற்காகவே அடிக்கடி ஹாரிஸின் புத்தகக் கடைக்கு வருகிறான், வாங்கக் காசில்லை. நிறையப் பணத்தோடு வந்த ஒருவருக்கு என்னென்ன புத்தகம் வாங்கலாம் என்று அவனே கூடநின்று தேர்ந்து கொடுக்கிறான். அவன் போன பிறகு அந்த மனிதர் தன் அடுக்கோடு எம்ப்சனையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார், ஹாரிஸும் விற்றுவிடுகிறார். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை.

*

இந்தத் தொகுப்பில் எல்லோருக்கும் பிடித்த கதை ஒன்று உண்டு: 'சார்ல்ஸ்'. 'மதமாசெல்' என்ற பெண்கள் பத்திரிகையில் 1948 ஜூலையில் வந்தது. அதாவது 'லாட்டரி'க்கு வசைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த அதே கோடையில். மழலையர் பள்ளிக்குப் புதிதாகப் போகும் லாரி தினமும் வீட்டுக்கு வந்து சார்ல்ஸ் என்ற பையனின் அட்டகாசங்களைச் சொல்கிறான்: டீச்சரை அடித்தான், கத்தினான், மூலையில் நிறுத்தினார்கள். பெற்றோருக்குக் கேட்கக் கேட்க ஆசை. வீட்டில் யார் எதைச் சொதப்பினாலும் அது 'சார்ல்ஸ்' வேலை என்றாகிவிடுகிறது. ஒருநாள் தாய் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சார்ல்ஸின் தாயைத் தேடுகிறாள். இங்கே சார்ல்ஸ் என்று யாருமே இல்லையே என்கிறார் டீச்சர்.

வாசகர்கள் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கிறார்கள். பாடநூல்களில் இதை நகைச்சுவைக் கதை என்று வைத்தார்கள். தன் குற்றத்தையெல்லாம் சுமக்க ஒரு பெயரை உண்டாக்கி, தினமும் அந்தப் பெயரைத் தண்டித்து, குடும்பம் முழுக்க அதில் சந்தோஷமாகக் கலந்துகொள்ளும் கதை இது. 'லாட்டரி'யும் இதுவே. சார்ல்ஸுக்கு உடம்பில்லை, டெஸ்ஸிக்கு இருக்கிறது என்ற வித்தியாசம் மட்டும். உற்சாகம் தரும்படி எழுது என்று தாய் கேட்டது அதே கோடையில் அச்சில் இருந்தது. அதற்குள்ளும் கறுப்புப் பெட்டி இருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே விஷயம், ஒரே பருவம். ஒன்றுக்குச் சிரிப்பு, மற்றதற்கு வசை. வாசக அபிப்பிராயம் கதையின் இருட்டை அளக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது கதையின் தொனியைத்தான் அளக்கிறது.

காலம் போகப் போகக் கடிதங்களின் தொனியும் மாறியது. பிந்தைய ஆண்டுகளில் வந்தவை முன்பைவிடப் பணிவானவை என்று ஜாக்சனே குறிப்பிடுகிறார். கதைக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டார்கள். கதை தொகைநூல்களுக்கும் வகுப்பறைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கறுப்புப் பெட்டி எதன் குறியீடு, வார்னர் எதன் பிரதிநிதி என்ற கேள்விகளுக்கு மாணவர்கள் பதில் எழுதினார்கள். வாசிப்பு முதிர்ந்துவிட்டதற்கு இதை அடையாளமாகச் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1948இல் ட்ரூயிட்டுகளைத் தேடியவர் செய்த அதே வேலையைக் குறியீடு இன்னும் நாகரிகமாகச் செய்கிறது. பெட்டி மரபின் குறியீடு என்று எழுதிவிட்டால் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

பழைய கோபம் ஒரேயடியாகச் செத்துவிடவும் இல்லை. 1969இல் லாரி யஸ்ட் இந்தக் கதையைப் பள்ளிகளுக்கான குறும்படமாக எடுத்தார். மினசோட்டா மாநிலத்தின் ஃபாரஸ்ட் லேக் என்ற ஊரில் பெற்றோர் சிலர் அதை எதிர்த்தார்கள். வன்முறை மட்டுமல்ல, சமயத்தையும் குடும்பத்தையும் பற்றிய மதிப்பீடுகளை அது குலைக்கிறது என்பது அவர்கள் தரப்பு. பள்ளி நிர்வாகம் படத்தை நீக்கியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொன்னதே சரி. ஆனால் அந்தப் பெற்றோர் சொன்னதையும் கவனிக்க வேண்டும். மரபு, சமயம், குடும்பம் ஆகியவற்றின்மேல் இந்தக் கதை கைவைக்கிறது என்பதை அவர்கள் மிகச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கிய பல விடைகளைவிட அது கூர்மையான வாசிப்பு. அவர்கள் பிழை அதற்குப் பிறகு வந்தது: கதை தங்களைத் தொந்தரவு செய்ததை, கதை இருக்கக் கூடாது என்பதற்குக் காரணமாக்கினார்கள்.

இருண்ட கதைத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பயமுறுத்துகிறதா, முடிவு திருப்தியா, பாத்திரங்கள் மனசில் ஒட்டுகிறார்களா என்று பார்க்கிறார்கள். ஜாக்சனின் வாசகர்கள் விட்டுச்சென்ற கடிதங்களைப் பார்த்தால் வேறொரு கேள்வியும் கேட்கத் தோன்றுகிறது: படித்து முடித்ததும் நான் எந்தப் பக்கம் நகர்ந்தேன்? காரணம் தேடித் தூரப் போனேனா, பார்க்கக் கிட்டே போனேனா, அல்லது அடிபட்ட இடத்திலேயே நின்றேனா? கதைக்குத் தரும் நட்சத்திர மதிப்பெண்ணைவிட இந்தப் பதில் பயனுள்ளது, சொல்வதற்குக் கடினமும்கூட.

இந்தத் தொகுப்பைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகழ்பெற்ற கதை என்பதற்காகக் கடைசிக் கதையிலிருந்து தொடங்காதீர்கள். ஜாக்சன் வைத்த வரிசையிலேயே படியுங்கள். வின்னிங்கையும் வால்போலையும் கடைக்கார ஹாரிஸையும் சந்தித்துவிட்டு அந்தச் சதுக்கத்துக்குப் போங்கள். படித்துவிட்டுக் கோபம் வந்தால் அதை அவசரப்பட்டு விளக்கமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். கோபத்தை அப்படியே எழுதுங்கள். முந்நூறு கடிதங்களில் இன்றும் படிக்கத் தகுந்தவை அப்படி எழுதியவைதாம்.